ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம்

2016 பிப்ரவரியில் புனேயிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, ஷெட்டைத் திறந்து, அப்பாவின் பழைய ஹெரால்ட் காரின் பானெட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினேன். மூடியின் உள்பக்கம் முழுக்க ஒரு பசை அப்பியிருந்தது. கெட்டித் தயிரில் கொஞ்சம் டிகாஷன் விட்டுக் கலக்கினால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். விரலால் வழித்துப் பார்த்தேன். ஆயிலும் தண்ணீரும் சேர்ந்து கடைந்த குழம்பு. பக்கத்தில் நின்ற மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, என்ன ஆச்சு? வாரா வாரம் தவறாம ஸ்டார்ட் பண்ணேனே" என்றார்.

காரணம் அவர் சொன்னதற்குள்ளேயே இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் புரிய இன்னும் மூன்று வாரம் ஆனது.

இந்த மே மாதம் மறுபடி வண்டியை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டி வந்தது. அலுவலகம் இரண்டு வருடத்துக்கு என்னை டில்லிக்கு அனுப்புகிறது. இந்தமுறை இஞ்சினை எப்படி மூடி வைத்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்பதை எழுதி வைக்கத் தோன்றியது. சென்னையில் பழைய வண்டி வைத்திருக்கிற நிறையப் பேர் வெளியூர் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டுப் பையனிடமோ வாட்ச்மேனிடமோ கொடுத்து, "வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன். தயவுசெய்து நீங்கள் சொல்லாதீர்கள்.

வண்டி 1969 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், நான்கு கதவு வைத்த மார்க் 3. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்த கார் இது. வடிவமைத்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி அதை இங்கே, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தது. பம்பாய்க்கு ஃபியட், கல்கத்தாவுக்கு அம்பாசடர் என்றால் மெட்ராஸுக்கு ஹெரால்ட். அப்பா 1979-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். நாங்கள் குரோம்பேட்டைக்காரர்கள். ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே போகும்போதெல்லாம் பெருங்களத்தூர் தாண்டியதும், "வண்டியோட பொறந்த வீடு வருது பாரு" என்பார் அப்பா. தங்கையும் நானும் ஜன்னல் வழியாகக் கையாட்டுவோம்.

ஹெரால்டின் பானெட் மற்ற கார்களின் பானெட் மாதிரி கிடையாது. இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் அப்படியே முன்னால் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்தபடி இஞ்சினில் வேலை பார்க்கலாம். நான் அப்படி உட்கார்ந்துதான் பிளக் கழற்றக் கற்றுக்கொண்டேன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது, அப்பா ஸ்பேனரை என் கையில் கொடுத்து, "இறுக்காதே, உட்கார வை" என்றார். பிளக்கை ஹெட்டில் உட்கார வைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது இன்றைக்கும் அந்த வார்த்தையோடுதான் என் கைக்குத் தெரியும்.

2013 மார்ச்சில் நான் புனே போனபோது அப்பா இல்லை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பல்லாவரத்தில் இருக்கிறார். வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவராகவே சொன்னார். 2015 நவம்பர் வரை ஒரு ஞாயிறு விடாமல் வந்து ஷெட்டைத் திறந்து, சோக்கை இழுத்து, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏறக்குறைய நூற்று நாற்பது ஞாயிறுகள். டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு பேட்டரி இறங்கிவிட்டதால் இரண்டு மாதம் வண்டி கிளம்பவே இல்லை.

அதனால் எல்லோரும் வெள்ளம் என்றார்கள். எனக்கும் அதுதான் பட்டது. ஷெட்டின் தரை ரோட்டைவிட இரண்டடி உயரம், கடைசிப் படியோடு தண்ணீர் நின்றுவிட்டது என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. புதுப்பேட்டையில் பழைய இங்கிலீஷ் வண்டிகளாகவே பார்க்கிற பாய் ஒருவர் உண்டு, அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கம். அவர் வந்து முதலில் இஞ்சினைத் தொடவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸ் ஆயிலையும் பின்னால் டிஃபரன்ஷியல் ஆயிலையும் கொஞ்சம் இறக்கி ஒரு தட்டில் பிடித்தார். இரண்டும் தேன் மாதிரி சுத்தமாக இருந்தன. "வெள்ளத் தண்ணி கியர்பாக்ஸ விட்டுட்டு இஞ்சினுக்குள்ள மட்டும் போகுமாம்மா?" என்றார்.

ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. ஹெட்டை இறக்கிப் பார்த்தால், அந்தத் தண்ணீர் ஆயிலில் கலக்காமல் தடுக்கிற கேஸ்கெட்டும் நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்றாவது சிலிண்டரில், பிஸ்டன் ரிங் நின்ற இடத்தில், போர் சுவரை, அதாவது சிலிண்டரின் உள்சுவரைச் சுற்றி ஒரு துரு வளையம். இஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்பைக் கழற்றினால், பிஸ்டன் தண்டுகள் கிராங்க் தண்டைப் பிடிக்கிற பிக் எண்ட் பேரிங்குகளில் கருப்புக் கருப்பாக அரித்த புள்ளிகள். சைலன்சர் உள்ளேயிருந்து ஓட்டையாகி, கையால் அழுத்தினால் உதிர்ந்தது. பாய் மாமாவைப் பார்த்து, "எவ்ளோ நேரம் ஓட விடுவீங்க சார்?" என்று கேட்டார். "அஞ்சு நிமிஷம்தான். அனாவசியமா பெட்ரோல் எரியக் கூடாதுல்ல?" பாய் அதற்கு மேல் மாமாவிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார்: "அவரு மேல தப்பு இல்லம்மா. ஊரே இப்படித்தான் பண்ணுது."

அவர் சொன்னதைப் பிறகு நானே படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். பெட்ரோல் என்பது ஹைட்ரஜனும் கார்பனும். எரியும்போது அந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. காலை நேரத்தில் சிக்னலில் நிற்கிற கார்களின் சைலன்சரிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். இஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால் அத்தனையும் ஆவியாக வெளியே போய்விடும். குளிர்ந்த இஞ்சினில் அந்த ஆவி இரும்பில் பட்டவுடன் மறுபடி தண்ணீராகிறது. ரிங்குகளின் இடைவெளி வழியாக எரிந்த புகையில் கொஞ்சம் எப்போதும் கீழே சம்புக்குள் கசியும். அதோடு இந்த ஈரமும், புகையிலுள்ள அமிலங்களும் ஆயிலில் போய்ச் சேரும். சோக் போட்டு, அதாவது பெட்ரோலைக் கூட்டி ஓடும்போது எரியாத பெட்ரோலும் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு அங்கேயே இறங்கும்.

டேஷ்போர்டில் வெப்ப முள் ஏறிவிட்டதே என்று நினைக்கலாம். அந்த முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை. சம்பில் இருக்கிற நான்கு லிட்டர் ஆயில் அதற்கு ரொம்பப் பின்னால்தான் சூடேறும். ரோட்டில் அரைமணி நேரமாவது இழுத்து ஓட்டினால்தான் ஆயிலில் சேர்ந்த ஈரம் போகும். ஒரு தடவைக்கு நூறு மில்லி பெட்ரோல் எரிந்தது என்று வைத்துக்கொண்டாலும், நூற்று நாற்பது ஞாயிறுக்குப் பதினான்கு லிட்டர். அவ்வளவு தண்ணீர் அந்த இஞ்சினுக்குள் உண்டாகியிருக்கிறது. பெரும்பகுதி வெளியே போயிருக்கும். தங்கிய பங்குதான் மூடிக்குள் நான் வழித்தது.

விமானங்களுக்குப் பிஸ்டன் இஞ்சின் செய்கிற லைகமிங் கம்பெனியும் தன் வாடிக்கையாளர்களுக்கு இதையேதான் சொல்கிறது: பறக்காத விமானத்தின் இஞ்சினைத் தரையில் கொஞ்ச நேரம் ஓடவிடுவது பறப்பதற்கு ஈடாகாது, துருவை அது அதிகப்படுத்தவே செய்யும். உயிர் போகிற விஷயத்தில் எழுதிய அறிவுரை அது. நமக்கும் பொருந்தும்.

சிலிண்டர்களைப் போரிங் செய்து, அதாவது கடைந்து அகலமாக்கி, கிராங்கைத் தேய்த்து, ஓவர்சைஸ் பிஸ்டன் தேடி அலைந்து, வண்டி மறுபடி ரோட்டுக்கு வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். எனக்கு இஞ்சினைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன்.

பழைய கார்களை மூடி வைப்பது பற்றிய புத்தகங்களும் குறிப்புகளும் பெரும்பாலும் பனி பெய்கிற ஊர்க்காரர்கள் எழுதியவை. தண்ணீர் உறைந்து பிளாக் வெடித்துவிடும் என்பதுதான் அவர்களுடைய முதல் பயம். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13 டிகிரிக்குக் கீழே இறங்கியதில்லை. நமக்கு எதிரி காற்று. கடலிலிருந்து ஈரத்தோடும் உப்போடும் வருகிற காற்று. மழைக்காலத்தில் இரவு குளிர்ந்த இரும்புப் பிளாக்கின் மேல் காலையில் ஈரக்காற்று படும்போது, ஜில்லென்று தண்ணீர் ஊற்றிய சொம்பு வியர்ப்பது போல இரும்பு வியர்க்கிறது. வெளியே வியர்த்தால் துடைத்துவிடலாம். சிலிண்டருக்குள் வியர்த்தால் யார் துடைப்பது? நான்கு சிலிண்டர் இஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்தேதான் இருக்கும். அந்த வழியாக சைலன்சர் முனையிலிருந்தும் கார்புரேட்டர் வாயிலிருந்தும் ஊர்க்காற்று நேரே போருக்குள் போய் வருகிறது. குரோம்பேட்டை கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் நான் செய்ததைப் போல இரண்டு மடங்கு கவனமாகச் செய்ய வேண்டும்.

அதனால்தான் வேலையை அக்னி நட்சத்திரத்தில் வைத்துக்கொண்டேன். கத்திரி வெயிலில் மேற்கிலிருந்து அனல் வீசுகிற நாட்களில், கடல்காற்று உள்ளே வருவதற்கு முன்னால் பகலில் ஒரு சில மணிநேரம் சென்னைக் காற்று உண்மையாகவே உலர்ந்திருக்கும். இஞ்சினுக்குள் கடைசியாக அடைத்து வைக்கிற காற்று அந்தக் காற்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முதலில் ரேடியேட்டர். இஞ்சின் ஆறியிருக்கும்போதே கீழ்க் குழாயையும், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிற தனிக் குழாயையும் திறந்து மொத்தமாக இறக்கினேன். பிளாக் குழாயை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பழைய கலங்கல் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அப்புறம் சுத்தமாக அலசி, பழைய வண்டிகளுக்கு ஏற்ற பச்சைக் கூலன்ட்டைப் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினேன். போர்வெல் தண்ணீர் ஊற்றவே கூடாது, அதிலுள்ள உப்பு போதும் உள்ளே கரடு தட்ட. இரண்டு வருடம் நிற்கப் போகிற வண்டிக்கு எதற்குக் கூலன்ட், காலியாகவே விட்டால் என்ன என்று கேட்கலாம். காலியாக விட்டால் நனைந்த இரும்புச் சுவர் காற்றோடு தனியாக நிற்கும், துருவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. துருத்தடுப்பு கலந்த கூலன்ட்டில் முழுதாக முழுகியிருப்பதுதான் இரும்புக்குப் பாதுகாப்பு.

அடுத்து ஒரு நல்ல ஓட்டம். அதிகாலையில் மாமாவை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்பினேன். போக வர நூறு கிலோமீட்டர் போல. பெட்ரோல் அந்த அளவுக்குத்தான் போட்டிருந்தேன். இஞ்சினில் எங்கேயாவது ஈரம் இருந்தால் அந்த ஓட்டத்தில் போயிருக்கும். கூலன்ட்டும் நன்றாகக் கலந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சூடு ஆறுவதற்குள் சம்ப் பிளக்கைக் கழற்றிவிட்டேன். சூடான ஆயில்தான் அடியில் படிந்த அழுக்கையெல்லாம் தூக்கிக்கொண்டு இறங்கும். இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திரும்பி வந்த பிறகு ஆயில் மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஓடிய ஆயிலில் அமிலம் இருக்கிறது. இரண்டு வருடம் பேரிங்குகள் அந்த அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கும். என் பேரிங்குகளில் இருந்த கருப்புப் புள்ளிகளுக்கு அதுதான் காரணம். ஆயில் மாற்றுவது மூடுவதற்கு முன்னால். புது ஃபில்டர், புதிதாக 20டபிள்யூ-50 மினரல் ஆயில். ஊற்றியவுடனே, இஞ்சின் சூடு இருக்கும்போதே மறுபடி ஸ்டார்ட் செய்து, புது ஆயில் எல்லா இடத்துக்கும் போகிற வரை ஓடவிட்டேன்.

அந்த ஓட்டத்தின் நடுவில்தான் பம்புக்கு வருகிற பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைத்தேன். கார்புரேட்டரில் இருந்த பெட்ரோல் தீர்ந்து இஞ்சின் தானாக நின்றது. டேங்க்கில் மிச்சமிருந்ததை மறுநாள், பேட்டரியைக் கழற்றிய பிறகு, ஷெட்டுக்கு வெளியே திறந்த வெளியில் வைத்து இறக்கினேன். வீட்டில் விளக்கேற்றுகிற நேரமாக இருக்கக் கூடாது, பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்றால், சொல்லித்தான் ஆக வேண்டும்.

டேங்க்கை ரொப்பி வைத்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, துரு வராது என்பது அப்பா காலத்து யோசனை. அன்றைக்கு அது சரி. இப்போது பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோலை உறிஞ்சுகிற குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. ஒருநாள் இதை நானே சோதித்துப் பார்த்தேன். அளவுக் குடுவையில் நூறு மில்லி பெட்ரோல் எடுத்து, அதில் பத்து மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தேன். தெளிந்த பிறகு அடியில் இருந்த தண்ணீர் பத்து மில்லியாக இல்லை, முப்பதை நெருங்கியிருந்தது. பெட்ரோலில் இருந்த எத்தனால் அத்தனையும் தண்ணீரோடு போய்விட்டிருந்தது. அறுபதுகளில் செய்த பெட்ரோல் பம்பின் ரப்பர் டயாஃப்ரமும், துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டரும் இந்தக் கலவையை நினைத்துச் செய்தவை இல்லை. ஒன்றிரண்டு மாதம் என்றால் பரவாயில்லை. இரண்டு வருடத்துக்கு டேங்க் காலியாக இருப்பதே நல்லது. இறக்கிய பெட்ரோல் ஸ்கூட்டருக்குப் போனது. காலி டேங்க்கில் அரை லிட்டர் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, வண்டியை மாமாவும் நானும் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டிச் சுவரெல்லாம் படவிட்டோம்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. முன் டயரில் உட்கார்ந்து நான்கு பிளக்கையும் கழற்றினேன். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு டீஸ்பூன் ஆயில். ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, மெல்லிய குழாய் வைத்து, சுவரைச் சுற்றிப் படுகிற மாதிரி விட்டேன். பிளக் ஓட்டைகள் மேல் பழைய துணியைப் போட்டுவிட்டு, டாப் கியரில் வைத்து வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளினோம். பிளக் இல்லாததால் இஞ்சின் லேசாகச் சுற்றும். செல்ஃப் அடித்துச் சுற்றினால் ஆயில் துணியோடு பறந்துவிடும், கையால் தள்ளுவதுதான் சரி. பிஸ்டன்கள் மேலும் கீழும் போகும்போது உள்ளே 'சளக் சளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஆயில் ரிங்குகளுக்குள் போகிற சத்தம். அப்புறம் வால்வுகளை அழுத்தித் திறக்கிற ராக்கர்களின் கவரைக் கழற்றி, வால்வு ஸ்பிரிங்குகள் மேலும் ராக்கர்கள் மேலும் ஆயிலைத் தாராளமாக ஊற்றினேன். கோயிலில் எண்ணெய்க் காப்பு சாத்துகிற மாதிரி இருக்கிறது என்றார் மாமா.

வால்வு இடைவெளியைச் சரிசெய்கிற டேப்பட் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி எல்லா வால்வையும் மூடி வைக்கிறவர்களும் உண்டு. சிலிண்டர் அடைபட்டுவிடும், ஸ்பிரிங்கும் ஓய்வாக இருக்கும். யோசித்தேன், செய்யவில்லை. ராக்கரைத் தள்ளுகிற புஷ் ராடு இடம் நகர்ந்தால் திரும்பி வந்து கண்டுபிடித்துச் சரிசெய்ய நானே இருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் வேறு யாராவது திறக்க நேர்ந்தால் அவர்களுக்கு அது வில்லங்கம்.

பிளக்குகளுக்குப் பதிலாக ஓட்டைகளில் சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பிளக்குகளை வைத்தேன். விமான இஞ்சின்களை மூடி வைக்க இப்படிச் செய்வது வழக்கம். நீல நிறத்தில் இருக்கும் மணிகள் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச இளஞ்சிவப்பாக மாறும். சிவந்துவிட்டால் கழற்றி வேறு மாற்ற வேண்டும், சிவந்ததைச் சூடுபடுத்திக் காயவைத்தால் மறுபடி நீலமாகும். நிறம் மாறுவது கோபால்ட் குளோரைடால். அது விஷம், அதனால் சமையலறை அவனில் வைக்கக் கூடாது, வெறும் கையால் அள்ளவும் கூடாது. இந்தப் பிளக் கிடைக்காவிட்டால் சாதாரணப் பிளக்கையே திரும்பப் போட்டு வைத்தாலும் போதும்.

கார்புரேட்டர் வாயை ஆயிலில் நனைத்துப் பிழிந்த துணி வைத்து அடைத்து, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டினேன். இஞ்சினுக்குள் இருக்கிற ஆவி வெளியேறுகிற பிரீதர் குழாய்க்கும் சைலன்சர் முனைக்கும் அதேபோல. ஈரம் ஒரு காரணம் என்றால் குளவி இன்னொரு காரணம். திறந்த குழாயைக் கண்டால் இந்த ஊர்க் குளவி ஒரே வாரத்தில் மண் கூடு கட்டிவிடும்.

இஞ்சின் அல்லாத வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி வீட்டுக்குள் வந்துவிட்டது, மாதம் ஒருமுறை சார்ஜ். ஹேண்ட் பிரேக் போடவில்லை, சக்கரத்துக்கு மரக்கட்டை. பிரேக் ஆயில் புதிது. பிளாஸ்டிக் தார்ப்பாய் போடவே கூடாது, உள்ளே வேர்த்துவிடும், பருத்தித் துணிதான். சிமென்ட் தரையும் மழைக்காலத்தில் ஈரம் கக்கும், அதனால் வண்டிக்கு அடியில் கனமான பாலிதீன் ஷீட் விரித்தேன். இன்சூரன்ஸ், ஆர்சி தேதிகளை நாள்காட்டியில் குறித்து வைத்தேன்.

ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. முன் சக்கரம் திரும்புகிற அடிமுனையில் இருக்கும் ட்ரனியனுக்குக் கிரீஸ் அடிக்காதீர்கள். நிப்பிளைப் பார்த்தவுடன் எல்லா மெக்கானிக்கும் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார்கள். அதற்குக் கியர் ஆயில்தான், 90 நம்பர். கிரீஸ் உள்ளே கெட்டியாகிவிட்டால் ஆயில் போக வழியிருக்காது, மரை துருப்பிடித்து ஒருநாள் ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். அப்பா இதை ஷெட் சுவரில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார். இன்னும் அழியவில்லை.

கடைசியாக ஸ்டியரிங்கில் ஒரு அட்டை கட்டினேன். 'சிலிண்டரில் ஆயில் இருக்கிறது. டேங்க் காலி. கார்புரேட்டர், சைலன்சர், பிரீதர் மூன்றிலும் அடைப்பு. பிளக் இடத்தில் சிலிக்கா ஜெல். இதையெல்லாம் எடுக்காமல் செல்ஃப் அடிக்காதீர்கள்.' சிலிண்டரில் ஆயில் தேங்கியிருக்கும்போது பிளக் மாட்டிச் சுற்றினால் கனெக்டிங் ராடே வளையலாம். எழுப்புகிற நாளில் முதல் வேலை பிளக் இல்லாமல் சுற்றி அந்த ஆயிலை வெளியே தள்ளுவது, அப்படியே ஆயில் பிரஷர் விளக்கு அணைகிற வரை சுற்றுவது. அப்புறம்தான் பெட்ரோல், பிளக் எல்லாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வரும்போது பிளக் ஓட்டைகளில் இன்னொரு ஸ்பூன் ஆயில் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி வைக்க வேண்டும், அது என் வேலை.

எல்லாம் முடிந்து ஷெட்டைப் பூட்டப் போகும்போது மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ ஞாயித்துக்கிழமை நான் வரவே வேணாமாம்மா?"

பத்து வருடமாக எனக்குள் இருந்த ஒன்றை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னது நான், அது தெரியாமல் சொன்னதும் நான். "நீங்க நான் சொன்னதைத்தான் செஞ்சீங்க மாமா" என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து கர்சீப்பை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு இருவரும் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை வேலையை எழுதினோம். சிலிக்கா மணியின் நிறம் பார்ப்பது. வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. கிளட்ச் பெடலைப் பத்து தடவை மிதிப்பது, இல்லாவிட்டால் ஈரத்தில் பிளேட் ஒட்டிக்கொள்ளும். எலிப்பொறி பார்ப்பது, பெருச்சாளிக்கு வயர் என்றால் கொள்ளை ஆசை. மழை எச்சரிக்கை வந்தால் வாசல் படியில் தண்ணீர் எதுவரை என்று எனக்குப் போன் செய்வது. சாவிக்கொத்தில் ஷெட் சாவியை மட்டும் வைத்துவிட்டு, வண்டிச் சாவியை அவராகவே கழற்றி என்னிடம் கொடுத்தார்.

டில்லி வந்து மூன்றாவது ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. டார்ச் வெளிச்சத்தில் நான்கு பிளக்குகள், கொஞ்சம் ஆடிப்போன படம். கூடவே மாமாவின் குரல்: "நாலும் நீலமாத்தாம்மா இருக்கு. மூணாவது சிலிண்டர் மட்டும் ஓரத்துல லேசா வெளுத்த மாதிரி தெரியுது, அடுத்த வாரம் திரும்பப் பாத்துச் சொல்றேன்."